மூன்று நாள் பையில் என்ன கட்டுவது?

தேயிலைத் தோட்டங்களில் மண்சரிவு அனர்த்த ஆயத்தக் கூட்டம் என்றால் நான் போய் மறக்காமல் சொல்லும் வசனம் ஒன்று இருந்தது: மூன்று நாளைக்கான உலருணவைப் பையில் கட்டி வாசலோரம் வையுங்கள். பதுளைப் பக்கம் ஒரு லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) இதைச் சொன்னபோது முன்னால் இருந்த அக்கா சிரித்துவிட்டார். "பத்தாம் திகதி சம்பளம் கடைக் கணக்குக்கே போயிருது மிஸ், பையில கட்ட எங்க இருக்கு?" என்னிடம் பதில் இல்லை.

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தை மட்டும் எடுத்தால் 32 சதவீதம். 2022 நெருக்கடியில் கோதுமை மாவு எட்டாத விலைக்குப் போனது, கிளினிக்குகளில் கொடுக்கும் திரிபோஷா சத்துமாவுக்கும் தட்டுப்பாடு. ஆக, மண் சரிவதற்கு முன்பே உடம்பில் இருப்புத் தீர்ந்த பிள்ளைதான் முகாமுக்கு வந்து சேர்கிறது. நல்ல தேகக்கட்டுள்ள பிள்ளை சமாளித்துவிடும் வயிற்றோட்டம் இந்தப் பிள்ளையின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

அதனால் இப்போது ஒக்டோபர் மழைக்கு முன்னால் கைச்சுற்றளவு அளக்கும் நாடாவோடு லயம் லயமாகப் போகிறேன். ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளையின் மேற்கைச் சுற்றளவு 12.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் கவனம், 11.5க்கும் குறைந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அந்தப் பிள்ளைகளின் பட்டியல் ஒன்று பிள்ளை மடுவத்திலும் (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்திலும்) இருக்கும், ராத்திரியோடு ராத்திரியாக எல்லோரும் பாடசாலைக் கட்டிடத்துக்கு ஓடினாலும் யாருக்கு முதலில் சாப்பாடு என்று தேட வேண்டியதில்லை.

பையில் கட்டச் சொல்வதும் மாறிவிட்டது: பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேடு, கர்ப்பிணியின் இரும்புச்சத்து மாத்திரை, இரண்டு பைக்கற் ஜீவனி (வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் தூள்), மூடி போட்ட கோப்பை. ஜீவனி ஒரு பைக்கற்றுக்குக் கொதித்தாறிய தண்ணீர் ஒரு லீற்றர். கொஞ்சம் தூள், கொஞ்சம் தண்ணீர் என்று கண்மட்டத்தில் கலக்கவே கூடாது.

அப்புறம் தேத்தண்ணி. கொழுந்து பறிக்கிறவர்களிடம் போய் இதைக் குடிக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வராது, நானே நாளைக்கு நாலு முறை குடிக்கிறவள். ஆனால் ரொட்டியும் பருப்பும் சாப்பிட்ட கையோடு சாயத் தேத்தண்ணி குடித்தால் அதிலிருக்கும் கொஞ்ச இரும்புச்சத்தும் உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கலாம். இதற்குக் காசு செலவில்லை.

முகாமுக்கு லொறியில் சாமான் அனுப்புகிறவர்களுக்கும் ஒன்று. தயவுசெய்து பால்மாவும் போத்தலும் அனுப்பாதீர்கள். "பயத்துல பால் வத்திருச்சு" என்று அழும் தாய்க்குப் பால் இறங்கத் தாமதமாகும், அவ்வளவுதான். மறைவாக உட்கார ஓர் இடம் கொடுத்து, குழந்தையை அடிக்கடி சப்ப விட்டால் திரும்ப வரும். சுடுதண்ணீர் இல்லாத இடத்தில் போத்தல் கழுவுவது எப்படி? முகாம் வாழ்க்கை ஒரு வாரத்தோடு முடிவதுமில்லை: 2014 ஒக்டோபர் 29இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து வீடிழந்த குடும்பங்கள் பல, பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் நாட்கணக்கில் அல்ல, வருடக்கணக்கில் இருந்தன. பிஸ்கட் பெட்டிகளைக் குறைத்துப் பருப்பு, நெத்தலிக் கருவாடு, முட்டை அனுப்புங்கள், முதல் வாரத்தோடு நிறுத்தாமல் இரண்டாம் மாதமும் அனுப்புங்கள்.