வீடு திரும்பிய பிறகான 30 நாட்கள்: மெடிகேர் பணத்தை எப்படிக் கொடுக்கிறது?

அமெரிக்காவில் 65 வயதை எட்டியவர்களுக்கும் உடல்குறை உள்ள சிலருக்கும் அரசு தரும் காப்பீடு மெடிகேர். 1983-இல் அது மருத்துவமனைகளுக்கு நோய்வகைவாரியாக முன்கூட்டியே தொகையை வரையறுத்தது. ஆனாலும் பெரிய ஓட்டை ஒன்று எஞ்சியது. இதயச் செயலிழப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர், பத்தாம் நாள் அதே மூச்சுத்திணறலோடு வந்தால் அது புதிய சேர்க்கை, தொகையும் புதிது. அவர் திரும்பி வராதபடி அக்கறையோடு பார்த்துக்கொண்ட மருத்துவமனைக்கு வருமானம்தான் குறைந்தது. இதைவிடத் தவறான ஊக்கம் இருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

இந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் மறுசேர்க்கைக் குறைப்புத் திட்டம். 2010-ஆம் ஆண்டின் மருத்துவச் சீர்திருத்தச் சட்டத்தில் பிறந்து, 2012 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, நிமோனியா ஆகிய மூன்றோடு தொடங்கியது. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இடுப்பு மற்றும் முழங்கால் மூட்டு மாற்று, இதய பைபாஸ் அறுவை ஆகியவை பின்னர் சேர்ந்தன. நோயாளியின் வயதையும் பிற நோய்களையும் கணக்கில் கொண்டு, 30 நாட்களுக்குள் எத்தனை பேர் திரும்புவது இயல்பு என்று மதிப்பிடுகிறார்கள். அதை மீறினால் அபராதம். அதுவும் அந்த நோயாளிகளுக்கான தொகையில் மட்டுமல்ல. உள்நோயாளிகள் அனைவருக்குமான அடிப்படைத் தொகையில் 3 சதவீதம் வரை பிடிக்கப்படலாம். வேறொரு மருத்துவமனையில் போய்ச் சேர்ந்தாலும், கணக்கு முதலில் வீட்டுக்கு அனுப்பிய இடத்தின் மீதே விழும்.

டிஸ்சார்ஜ் ஆன மறுநாள் செவிலியர் தொலைபேசியில் அழைத்து, மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா, எடை கூடியிருக்கிறதா என்று கேட்பதற்குப் பின்னால் இந்த அபராதமும் இருக்கிறது. அந்த அழைப்பைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

குறை இல்லாமல் இல்லை. ஏழைகள் அதிகம் வரும் மருத்துவமனைகள் கூடுதலாகத் தண்டிக்கப்படுகின்றன என்ற புகார் எழுந்தது, நியாயமான புகார். வீட்டில் கவனிக்க ஆளில்லாதவர் திரும்பி வருவது மருத்துவரின் தவறு மட்டுமா? 2016-இல் வந்த சட்டத்தின்படி, ஏழை நோயாளிகளின் விகிதத்தில் ஒத்திருக்கும் மருத்துவமனைகளை மட்டுமே இப்போது ஒன்றோடொன்று ஒப்பிடுகிறார்கள்.

மெடிகேர் பணம் கொடுக்கும் மற்றொரு மாதிரியில், மருத்துவர்களும் மருத்துவமனைகளும் ஒரு குழுமமாகச் சேர்ந்து, குறைந்தது 5,000 மெடிகேர் பயனாளிகளின் செலவுக்கும் தரத்துக்கும் பொறுப்பேற்கிறார்கள். தரம் குறையாமல் செலவு மிச்சமானால் அதில் பங்கு கிடைக்கும். உங்கள் மருத்துவர் இப்படி ஒரு குழுமத்தில் இருப்பதாகக் கடிதம் வந்தால் பதற வேண்டாம். மெடிகேரை ஏற்கும் எந்த மருத்துவரிடமும் நீங்கள் போகலாம். உங்கள் மருத்துவத் தகவல்களைக் குழுமத்தோடு பகிர வேண்டாம் என்றும் மெடிகேரிடம் சொல்லலாம்.

குடும்பத்தினர் அதிகம் தவறவிடுவது வேறொன்று. மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருப்பவர் எல்லோரும் உள்நோயாளி அல்ல. ‘கண்காணிப்பில்’ (observation) வைத்திருந்தால் அவர் புறநோயாளிதான். மறுசேர்க்கைக் கணக்கிலும் அது வராது. அரசே நேரடியாக நடத்தும் வழக்கமான மெடிகேரில், அதற்குப் பிறகு செவிலியர் பராமரிப்பு இல்லத்தில் தங்குவதற்கான செலவு கிடைக்கப் பொதுவாக மூன்று நாட்கள் உள்நோயாளியாக இருந்திருக்க வேண்டும். கண்காணிப்பு நாட்கள் அதில் சேராது. 24 மணி நேரத்துக்கு மேல் கண்காணிப்பில் வைத்தால், 36 மணி நேரத்துக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்பது விதி. தாளுக்குக் காத்திராமல் முதல் நாளே கேளுங்கள்: “என் அம்மா இங்கே உள்நோயாளியா, கண்காணிப்பில் இருக்கிறாரா?”