கிரீன் சர்டிபிகேட் வேணுமா? ஜன்னலுக்கு அளவு குடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

புதுச்சேரி லாஸ்பேட்டைல வீடு கட்டி டைல்ஸ் வரைக்கும் முடிச்சிட்டு ஒரு அண்ணன் வந்தாரு, "சார், கிரீன் பில்டிங் சர்டிபிகேட் வாங்கித் தரணும், எவ்ளோ ஆகும்"னு கேட்டாரு. எனக்கு மனசு கஷ்டமா போச்சு, ஏன்னா ஆசைப்பட்டு நல்லாதான் கட்டியிருக்காரு, ஆனா கேக்க வேண்டிய நேரம் எப்பவோ தாண்டிடுச்சு.

இந்த சர்டிபிகேட் குடுக்கறதுல ஐஜிபிசி, கிரிஹான்னு ரெண்டு இருக்கு, எதுக்குப் போனாலும் மொதல்ல ப்ராஜெக்ட்ட பதிவு பண்ணணும், அப்புறம் கட்டக் கட்ட ஆதாரம் சேக்கணும். சின்ன கட்டடம், 2500 சதுர மீட்டருக்குள்ளன்னா கிரிஹாவுலயே ஸ்வாகிரிஹான்னு தனியா இருக்கு, அதையும் விசாரிச்சுக்கோங்க.

அவர் வீட்ல பெரிய சிக்கலே ஜன்னல்தான். நம்ம புதுச்சேரி, கடலூர் எல்லாம் வெக்கையும் புழுக்கமும் சேர்ந்த ஊரு, அதனால 2018ல வந்த எகோ நிவாஸ் சம்ஹிதால, அதாவது வீடுகளுக்கான மத்திய அரசோட எரிசக்தி சிக்கன விதில, நம்ம மாதிரி ஊருக்கு தொறக்கக்கூடிய ஜன்னல், வெண்டிலேட்டர் ஏரியா கார்பெட் ஏரியால, அதாவது சுவர் போக உள்ள இருக்கற தரை அளவுல, 16.66 சதவீதம், அதாவது ஆறுல ஒரு பங்கு இருக்கணும்னு வச்சிருக்காங்க. மொத்த வீட்டுக்கும் சேர்த்துதான் கணக்கு, புரியறதுக்காக ஒரே ஒரு ரூம் எடுத்துப்போம். 12க்கு 10 ரூம்னா 120 சதுரடி, அதுக்கு 20 சதுரடி தொறக்கணும். அஞ்சுக்கு நாலு ஜன்னல் வச்சிட்டேன் சரியா போச்சுன்னு நெனைப்பீங்க, ஆனா அது ரெண்டு கதவு ஸ்லைடிங்னா ஒரு கதவு எப்பவும் இன்னொண்ணு மேல ஏறி நிக்கும், தொறக்கறது 10 சதுரடிதான். அண்ணன் வீடு முழுக்க ஸ்லைடிங். கேட்டா, 2011 டிசம்பர்ல தானே புயல்ல கதவெல்லாம் அடிச்சு கண்ணாடி ஒடஞ்சத பாத்தவன் சார் நானுன்னாரு. அந்த பயம் நியாயம்தான், அதுக்குன்னு காத்த பாதியா கொறைக்க வேணாம், கீல் வச்ச கதவுக்கு தொறந்த கதவ ஆடாம புடிச்சு நிறுத்தற நல்ல கெட்டியான ஸ்டேயும் மேல கீழ தாழ்ப்பாளும் போட்டாலே நிக்கும். உப்புக்காத்துக்கு அது துருப்பிடிக்காத ஸ்டீலா இருக்கணும், அதுல மட்டும் காசு பாக்காதீங்க.

நம்ம ஊர் அரவிந்தர் ஆசிரமத்தோட கோல்கொண்ட் விடுதி 1930கள்லயே கட்ட ஆரம்பிச்சது, அன்டோனின் ரேமண்ட்னு ஒரு ஆர்கிடெக்ட் டிசைன், வடக்கு தெற்கு ரெண்டு பக்கமும் சுவருக்கு பதிலா தொறந்து மூடற பட்டைங்க, ஏசி இல்லாமலே காத்து உள்ள பூந்து வெளிய போவும். ரோட்ல நின்னு ஒரு தடவ பாருங்க, நான் இவ்ளோ பேசறது எதுக்குன்னு புரியும்.

அடுத்தது பில்லு. அண்ணன் ஒரு பை நிறைய கொண்டாந்தாரு, ஒண்ண எடுத்துப் பாத்தா "பெயிண்ட் 6 டின்"னு பேனால எழுதியிருக்கு, கம்பெனி பேரு இல்ல, எந்த ரகம்னு இல்ல, தேதி கூட அழிஞ்சிருக்கு. விஓசி, அதாவது பெயிண்ட்லேந்து ஆவியாகி காத்துல கலக்கற கெமிக்கல், கம்மியான பெயிண்ட்டுன்னு இத வச்சி எப்படி நிரூபிக்கறது? கடைல பொருளோட முழுப் பேரு போட்ட ஜிஎஸ்டி பில்லும், கம்பெனி தர்ற டேட்டா ஷீட்டும் அன்னைக்கே வாங்கிடுங்க. கொழாய், ஃபிளஷ் டேங்க், ஏசி எல்லாத்துக்கும் இதேதான்.

மேல்மண்ணும் அப்படித்தான், கடக்கால் தோண்டறப்போ மேல இருக்கற ஒரு சாண் மண்ண தனியா குவிச்சு மூடி வச்சி அப்புறம் தோட்டத்துக்கு போடணும், தேதியோட போட்டோ எடுக்கணும். ஜேசிபிகாரர் டிராக்டர்ல ஏத்தி அனுப்பிட்டா அந்த மண்ணும் போச்சு, சர்டிபிகேட்டுக்கு அதுல கெடைக்கற பாயிண்டும் போச்சு.

மழைநீர் சேகரிப்புக்கு ஒண்ணே ஒண்ணு, கடலோரமா இருந்தா கார்த்திகைல நிலத்தடி தண்ணி மேலயே நிக்கும், குழி தோண்டினா உள்ள எறங்காது, மாடித் தண்ணிய வடிகட்டி சம்ப்ல புடிச்சு பயன்படுத்துங்க.

அந்த அண்ணன் இப்போ ரெண்டு பெட்ரூம் ஜன்னல மட்டும் கழட்டி கீல் வச்சதா மாத்தறாரு, சர்டிபிகேட்டுக்கு இல்ல, ராத்திரி தூங்கறதுக்கு. நீங்க இன்னும் பிரேம் ஆர்டர் குடுக்கலன்னா பிளான எடுத்துட்டு வாங்க, தொறக்கற ஏரியாவ உக்காந்து கூட்டித் தர்றேன், அதுக்கு காசு வேணாம்.