குப்பியின் மேல் ஒரு சிறு சதுரம்

“குழந்தைக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் முன் செவிலியர் குப்பியைக் கண்ணருகே கொண்டுபோய் உற்றுப் பார்த்தார். காலாவதித் தேதியைத்தான் பார்த்தாரா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தேதியையும் பார்த்திருப்பார். ஆனால் தேதி ஆலையிலேயே அச்சாகிவிடுகிறது. வழியில் நடந்தது அதற்குத் தெரியாது. அவர் தேடியது லேபிளில் உள்ள ஒரு வட்டத்தையும் அதற்குள் இருக்கும் சின்னஞ்சிறு சதுரத்தையும். சுகாதாரப் பணியாளர்கள் அதை வி.வி.எம். (வேக்சின் வயல் மானிட்டர், அதாவது தடுப்பு மருந்துக் குப்பிக் கண்காணிப்பான்) என்பார்கள்.

தடுப்பு மருந்துகள் வெப்பத்தில் வீரியம் இழப்பவை. பெரும்பாலானவற்றை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். குளிர் அறை, வேன், குளிர்பதனப் பெட்டி, கடைசியில் செவிலியர் தோளில் தொங்கும் ஐஸ் பெட்டி என்று பல கை மாறி மருந்து வருகிறது. எங்கோ ஓரிடத்தில் மின்சாரம் போயிருந்தால்? மருந்தின் நிறமோ மணமோ காட்டிக்கொடுக்காது.

சதுரம் காட்டிக்கொடுக்கும். அதில் பூசியிருப்பது டைஅசிட்டிலீன் வகைச் சேர்மம். அதன் நிறமற்ற சிறு மூலக்கூறுகள் திண்மத்தில் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. வெப்பம் ஏற ஏறப் பக்கத்து மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து நீண்ட சங்கிலியாகின்றன. அந்தச் சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டை, மும்மைப் பிணைப்புகளும் மாறி மாறி வருவதால் எலக்ட்ரான்கள் அதன் நெடுகிலும் பரவி, ஒளியை உறிஞ்சுகின்றன, சதுரம் கருக்கிறது. திரும்ப ஐஸில் வைத்தாலும் வெளுக்காது. சுற்றியுள்ள வட்டத்தின் நிறத்தைச் சதுரம் எட்டிவிட்டால் குப்பி குப்பைக்கு.

என்னைச் சொக்கவைப்பது இனிமேல்தான். வெப்பமானி இந்த நொடியின் வெப்பத்தை மட்டும் சொல்லும். இதுவோ மருந்து பட்ட சூட்டையெல்லாம் ஒன்றுவிடாமல் வரவு வைக்கும் பேரேடு. அதுவும் வெறும் கூட்டல் அல்ல. ஒரு வகைச் சதுரம் 37 டிகிரியில் 7 நாளில் முற்றும். 25 டிகிரியில் 45 நாள். 5 டிகிரியில் இரண்டு ஆண்டுக்கும் மேல். பள்ளியில் படித்த கிளர்வு ஆற்றல்தான் (வினை நடக்க மூலக்கூறுகள் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) இது. மருந்து கெடும் வேகத்துக்கு இணையாகச் சதுரமும் கருக்கும்படி வேதியியலாளர்கள் பொருத்தியிருக்கிறார்கள். சூடு தாங்காத வாய்வழி போலியோ மருந்துக்கு 37 டிகிரியில் 2 நாள் கெடு, ஹெபடைடிஸ் பி மருந்துக்கு 30 நாள்.

1996-இல் முதலில் போலியோ மருந்துக் குப்பியில்தான் இது ஒட்டப்பட்டது. சந்தேகத்தின் பேரில் நல்ல மருந்தைக் கொட்டுவதும் அதனால் குறைந்தது. புது மருந்து கண்டுபிடிக்கக் கொட்டும் பணத்தில் ஒரு துளியாவது, இருக்கிற மருந்தைக் கெடாமல் கொண்டுசேர்க்கும் ஆய்வுக்கும் போக வேண்டும் என்பது என் நெடுநாள் புலம்பல்.

சதுரத்துக்கு ஒரு குருட்டுப் பக்கமும் உண்டு: உறைந்தால் தெரியாது. ‘எவ்வளவு குளிரோ அவ்வளவு நல்லது’ என்ற நம்பிக்கை படித்தவர்களிடமும் இருக்கிறது. அலுமினிய உப்பு சேர்ந்த டி.பி.டி. (தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ் மூன்றுக்குமான ஊசி), ஹெபடைடிஸ் பி போன்றவை உறைந்தால் துகள்கள் திரண்டு, மருந்து வீணாகும். சதுரமோ பளிச்சென்று வெளுப்பாகவே இருக்கும். அதற்குக் குலுக்கல் சோதனைதான் வழி. அதே தொகுதிக் குப்பி ஒன்றை வேண்டுமென்றே உறையவைத்து உருக்கி, சந்தேகக் குப்பியோடு சேர்த்துக் குலுக்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காத்திருப்பார்கள். உறைந்ததில் வெண்துகள்கள் விறுவிறுவென்று அடியில் படிந்து, மேலே தெளிந்துவிடும். மற்றது இன்னும் கலங்கியே நின்றால் அதைப் பெட்டிக்குள் திருப்பி வைக்கலாம்.