பஸ்: ஒரு வேற்றுமை உருபு வண்டியான கதை

சொல்லின் உடல் முழுவதும் தேய்ந்துபோய், ஒட்டிக்கொண்டிருந்த வேற்றுமை உருபு மட்டும் பெயராக நிலைப்பது அபூர்வம். 'பஸ்' அப்படிப்பட்ட சொல்.

லத்தீனில் 'ஆம்னிஸ்' என்றால் எல்லாம். அதன் பன்மை, நம் நான்காம் வேற்றுமைக்கு இணையான உருபை ஏற்று 'ஆம்னிபஸ்' ஆகும், பொருள், 'அனைவருக்கும்'. பேச்சில் முன்பாதி உதிர்ந்து 'பஸ்' மிஞ்சியது. 'அனைவருக்கும்' என்பதில் அனைவரும் இறங்கிப்போக, 'க்கும்' மட்டும் தங்கிவிட்டது போல.

பிரான்சின் நான்த் நகரில் 1820-களில் ஸ்தானிஸ்லாஸ் போத்ரி என்பவர், தம் குளியலகத்துக்கு ஆட்களை அழைத்துவரக் குதிரை வண்டி விட்டார். குளிக்க வராதவர்களும் ஏறி, வழியில் தங்களுக்கு வேண்டிய இடத்தில் இறங்கிக்கொண்டார்கள். அப்புறம் 'ஆம்னிபஸ்' என்ற பெயரில் வண்டி விடுவதே அவருக்குத் தொழிலாயிற்று. 1828-இல் பாரிசிலும், 1829-இல் ஜார்ஜ் ஷில்லிபியர் என்பவர் மூலம் லண்டனிலும் ஆம்னிபஸ் ஓடியது.

இதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே, 1662-இல், கணித மேதை பாஸ்கல் பாரிசில் குறித்த தடத்தில் 5 சோல் (அக்காலப் பிரெஞ்சுக் காசு) கட்டணத்துக்கு வண்டிகள் ஓட ஏற்பாடு செய்தார். ஆனால் படைவீரர்களும் ஏவலாட்களும் கூலிக்காரர்களும் ஏறக்கூடாது என்று அந்நகர நீதிமன்றம் தடுத்துவிட்டது. வண்டி இருந்தது, 'அனைவருக்கும்' இல்லை. என்னைப் பொறுத்தவரை அது பஸ்ஸே அல்ல.

தமிழில் பேருந்து. பெருமை + உந்து; உந்து என்றால் உந்திச் செல்லும் வண்டி. 'பேரூந்து' என்று நெடிலிட்டு எழுதுவது பிழை. நல்ல சொல்தான், ஆனால் அது வண்டியின் அளவைச் சொல்கிறதே தவிர, யாருக்கு என்று சொல்லவில்லை. விட்டுப்போன பொருளை நாம் 'பொதுப் போக்குவரத்து' என்பதில் வைத்திருக்கிறோம். அதிலும் 'போக்குவரத்து' எனக்கு மிகவும் பிடித்த சொல். 'டிரான்ஸ்போர்ட்' என்பதன் லத்தீன் வேர் 'சுமந்து கடத்துவது'. நம் சொல்லோ போவதையும் வருவதையும் சேர்த்துக் கேட்கிறது. காலையில் வேலைக்குப் போகப் பேருந்து உண்டு, இரவு திரும்ப இல்லை என்றால் அங்கே போக்கு இருக்கிறது, வரத்து இல்லை.

ஐக்கிய நாடுகள் அவை 2015-இல் ஏற்ற நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 11.2-ஆவது, 2030-க்குள் பாதுகாப்பான, கட்டுப்படியாகும் போக்குவரத்து 'அனைவருக்கும்' வேண்டும் என்கிறது. பழைய ஆம்னிபஸ்ஸேதான்! அதை அளக்கும் கோல், பேருந்து நிறுத்தம் 500 மீட்டர் நடையில் இருக்கிறதா என்பது. ஆக, பேருந்துப் பயணம் தொடங்குவது நடைபாதையில். சக்கர நாற்காலி ஏற முடியாத நடைபாதையும், கடக்க இடமில்லாத சாலையும் இருந்தால் அந்த 500 மீட்டர் வரைபடத்தில் மட்டுமே 500 மீட்டர்.

மிதிவண்டி இங்கே பெரிய துணை. நடப்பவர் 500 மீட்டர் கடக்கும் நேரத்தில் மிதிப்பவர் ஒன்றரை கிலோமீட்டர் வந்துவிடுவார். தூரம் மூன்று மடங்கு என்றால், நிறுத்தத்துக்கு எட்டும் பரப்பு ஏறக்குறைய ஒன்பது மடங்கு. அதற்கு வேண்டியது, அச்சமின்றி மிதித்துவர ஒரு தடமும், நிறுத்தத்தில் வண்டியைப் பூட்டிவைக்க ஓர் இடமும்.