வீட்டிலேயே செய்த சோலார் பேனலுக்கு மானியம் கிடைக்குமா? பிஎம் சூர்ய கர் திட்டத்தின் விவரம்

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிடைக்காது. வெயிலை மின்சாரமாக்கும் சோலார் செல்களை வாங்கி நாமே ஈயம் வைத்து இணைத்துச் செய்த பேனலுக்கு மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் ஒரு ரூபாய் கூட மானியம் இல்லை.

அதற்காக, வீட்டில் பேனல் செய்வதே சட்டப்படி குற்றம் என்று நினைத்துவிட வேண்டாம். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி மின்சாரம் தயாரிக்க உரிமம் தேவையில்லை. உங்கள் மொட்டை மாடியில், உங்கள் பேட்டரிக்கு, ஈபி லைனோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் நான்கு விளக்கு எரிக்க நீங்கள் ஏற்பாடு செய்துகொள்ளலாம். ஈபி லைனோடு இணைக்கும்போதுதான் விதிகள் ஆரம்பிக்கின்றன. மானியத்துக்கான விதிகளும் அங்கேதான் வருகின்றன.

எனக்கும் இந்த ஆசை இருந்தது. சில வருடங்களுக்கு முன் நானும் மச்சானும் சேர்ந்து 36 செல் வாங்கி ஒரு பேனல் செய்தோம். சிலிக்கன் செல் அப்பளம் மாதிரி. கால் மில்லிமீட்டர் கனம் கூட இருக்காது, விரலை அழுத்தினால் உடையும். ஒரு செல் ஏறக்குறைய அரை வோல்ட் தரும். 36 செல்லை வரிசையாகக் கோத்தால் 18 வோல்ட் வரும், 12 வோல்ட் பேட்டரியை சார்ஜ் செய்ய அது போதும். பிளைவுட் பலகையில் செல்களை ஒட்டி, மேலே அக்ரிலிக் ஷீட் போட்டு, ஓரமெல்லாம் சிலிக்கோன் பசை வைத்து அடைத்தோம். முதல் நாள் மத்தியான வெயிலில் மீட்டரில் 3 ஆம்பியர் காட்டியபோது வந்த சந்தோஷத்தை இன்னும் மறக்கவில்லை.

இரண்டாவது மழைக்காலம் முடிந்து பார்த்தால் அக்ரிலிக் மஞ்சளாகிவிட்டது. உள்ளே ஈரம் கோத்து, செல்களை இணைக்கும் நாடாவில் பச்சை பூத்திருந்தது. கரன்ட் ஒரு ஆம்பியர் கூட வரவில்லை. பிரித்துப் பார்த்தபோது ஒரு செல்லுக்குப் பின்னால் பிளைவுட் காசளவுக்குக் கருகியிருந்தது. தண்ணீர்த் தொட்டியின் நிழல் தினமும் விழுந்த இடம் அது. நிழலில் இருக்கும் செல் மின்சாரம் தருவதற்குப் பதில் மற்ற செல்கள் அனுப்பும் மின்சாரத்தை வாங்கிச் சூடாகும். தொழிற்சாலைப் பேனலில் இதைத் தடுக்க, நிழல் விழுந்த செல்களைத் தவிர்த்து மின்சாரத்தை வேறு வழியில் திருப்பிவிடும் பைபாஸ் டையோடு வைத்திருப்பார்கள். நாங்கள் வைக்கவில்லை. அந்தக் கருகல் இன்னும் கொஞ்சம் பரவியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

தொழிற்சாலையில் செல்களை இரண்டு பக்கமும் பிசின் படலம் வைத்து, மேலே கடினக் கண்ணாடி, பின்னால் ஈரம் புகாத தாள் என்று வெற்றிடத்தில் சூடாக்கி ஒரே தகடாக்கிவிடுகிறார்கள். 25 வருட வாரன்டி தர முடிவது அதனால்தான். இந்த வேலையை வீட்டு அடுப்படியில் செய்ய முடியாது. அரசு ஏன் சான்றிதழ் பெற்ற பேனல்தான் வேண்டும் என்கிறது என்பது எனக்கு அந்தக் கருகிய பலகையைப் பார்த்த அன்று புரிந்தது.

சரி, திட்டத்துக்கு வருவோம்.

பிஎம் சூர்ய கர் இலவச மின்சாரத் திட்டத்தை மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கியது. ஒரு கோடி வீடுகளின் கூரையில் சோலார் அமைப்பது இலக்கு, ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். 2026-27 நிதியாண்டு வரைக்கும் திட்டம் இருக்கும். பெயரில் 'இலவச மின்சாரம்' என்று இருப்பதால் பலர் குழம்புகிறார்கள். அரசு உங்களுக்குக் கரன்ட்டை இலவசமாகத் தரப்போவதில்லை. சோலார் வைக்க ஆகும் செலவில் ஒரு பங்கை அரசு தரும், உங்கள் கூரையில் தயாராகும் மின்சாரம் உங்கள் பில்லைக் குறைக்கும். மாதம் 300 யூனிட் வரை இலவசம் என்று சொல்லப்பட்டது இந்தக் கணக்கில்தான். 1 கிலோவாட் பேனல் நல்ல வெயில் உள்ள ஊரில் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் மாதம் 300 யூனிட்டுக்கு மேலேயே வரும்.

மானியத் தொகை இப்படி: 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். அதற்கு மேல் 5 வைத்தாலும் 10 வைத்தாலும் 78,000தான். முதல் இரண்டு கிலோவாட்டுக்கு அரசு வைத்திருக்கும் அடிப்படை விலையில் 60 சதவீதம், மூன்றாவது கிலோவாட்டுக்கு 40 சதவீதம் என்று கணக்குப் போட்டு வந்த தொகை இது. கடையில் நீங்கள் கொடுக்கும் விலை இதிலிருந்து வேறுபடும், அதனால் மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள். பேனலின் மொத்த வாட், இன்வெர்ட்டரின் வாட் இரண்டில் எது குறைவோ அதை வைத்துத்தான் மானியம் கணக்கிடுவார்கள். 3 கிலோவாட் பேனல் போட்டு 2 கிலோவாட் இன்வெர்ட்டரை மாட்டினால் 60,000தான் வரும். கொட்டேஷனில் இந்த இரண்டு எண்களையும் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பு நலச் சங்கங்களுக்குத் தனிக் கணக்கு. மோட்டார், லிப்ட், வராந்தா விளக்கு, மின் வாகன சார்ஜிங் போன்ற பொதுப் பயன்பாட்டுக்கு வைத்தால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய், 500 கிலோவாட் வரை.

யாருக்குக் கிடைக்கும்? இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், பேனல் வைக்கத் தகுந்த கூரையோடு சொந்த வீடு இருக்க வேண்டும், அந்த வீட்டுக்கு முறையான மின் இணைப்பு இருக்க வேண்டும், இதற்கு முன் சோலாருக்கு வேறு மானியம் வாங்கியிருக்கக் கூடாது. வருமான வரம்பு எதுவும் கிடையாது. எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் சிக்கிக்கொள்வது இணைப்பின் பெயரில். வீடு மகன் பெயருக்கு வந்து பத்து வருடம் ஆகியிருக்கும், ஈபி கார்டில் இன்னும் அப்பா பெயரே இருக்கும், அப்பா காலமாகியும் இருப்பார். ஈபி இணைப்பில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் ஒரு பெயர் என்றிருந்தால் கடைசியில் மானியம் வரும் நேரத்தில் இழுக்கும். பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள், அப்புறம் விண்ணப்பியுங்கள்.

இப்போது பேனலைப் பற்றிய விதி. மானியம் வேண்டும் என்றால் பேனல் மட்டும் இந்தியாவில் பூட்டியதாக இருந்தால் போதாது, உள்ளே இருக்கும் செல்லும் இந்தியாவில் தயாரானதாக இருக்க வேண்டும். சோலார் பொருத்தித் தரும் வென்டர்கள் இதை 'டிசிஆர் பேனல்' என்பார்கள். வெளிநாட்டு செல் வைத்த பேனல் விலை குறைவு, தரத்திலும் மோசம் என்று சொல்ல முடியாது, ஆனால் மானியம் இல்லை. ஆன்லைனில் செல் வாங்கிச் செய்யும் வீட்டுப் பேனல் முதல் படியிலேயே அடிபட்டுப்போவது இதனால்தான். செல் எங்கே தயாரானது என்பதற்கு ஆதாரம் இல்லை, பேனலுக்கு பிஐஎஸ் எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் சான்று இல்லை, அரசின் அங்கீகாரப் பட்டியலில் மாடல் இல்லை. இன்னொன்று, பொருத்துகிறவரும் திட்டத்தில் பதிவுபெற்ற வென்டராக இருக்க வேண்டும். சான்று பெற்ற பேனலையே நீங்கள் கடையில் வாங்கி, நீங்களே ஏறிப் பொருத்தினாலும் மானியம் கிடையாது.

விண்ணப்பம் முழுக்க இணையத்தில்தான். பிஎம்சூர்யகர் டாட் கவ் டாட் இன் என்ற அரசுத் தளத்தில் மாநிலம், மின் விநியோக நிறுவனம், மின் இணைப்பு எண், செல்போன் எண் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் பழைய டான்ஜெட்கோ இப்போது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் ஆகியிருப்பதால் எந்தப் பெயரைத் தேர்ந்தெடுப்பது என்று தடுமாற வேண்டாம், பில்லில் உள்ளதைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2024இல் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, 10 கிலோவாட் வரை சோலார் வைக்கத் தனியாகத் தொழில்நுட்ப ஆய்வு தேவையில்லை, விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகவே கருதப்படும். 'உங்கள் ஏரியாவில் சோலாருக்கு அனுமதி இல்லை' என்று யாராவது வாயால் சொன்னால் இந்த விதியைச் சொல்லிக் கேளுங்கள்.

அதன்பின் தளத்திலுள்ள பட்டியலிலிருந்து வென்டரைத் தேர்ந்தெடுத்து ஒப்பந்தம் போட வேண்டும். ஒப்பந்தப் படிவத்தின் மாதிரி தளத்திலேயே இருக்கிறது. ஐந்து வருடப் பராமரிப்பு வென்டரின் பொறுப்பு, அதை எழுத்தில் வாங்குங்கள். பேனல் பொருத்தி முடிந்ததும் விவரங்களை ஏற்றி நெட் மீட்டருக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஈபியிலிருந்து வந்து பார்த்து, நெட் மீட்டர் வைத்து, இயக்கச் சான்றிதழ் தருவார்கள். அப்புறம் வங்கி விவரமும் ரத்து செய்த காசோலையும் ஏற்றினால் 30 நாளுக்குள் மானியம் உங்கள் கணக்குக்கு வர வேண்டும் என்பது விதி.

கவனியுங்கள், மானியம் கடைசியில்தான் வருகிறது. அதுவரை முழுத் தொகையும் உங்கள் கையிலிருந்து போகும். கையில் இல்லை என்றால் 3 கிலோவாட் வரைக்கும் அடமானம் இல்லாமல் பொதுத்துறை வங்கிகள் கடன் தருகின்றன. 2024இல் திட்டம் தொடங்கியபோது வட்டி 7 சதவீதத்தை ஒட்டி இருந்தது, இப்போது எவ்வளவு என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். 'மானியத்தை நாங்களே வாங்கித் தருகிறோம், முன்பணம் அனுப்புங்கள்' என்று போனில் பேசுகிறவர்களிடம் ஓடிபி சொல்லாதீர்கள். மானியம் நுகர்வோரின் வங்கிக் கணக்குக்கு நேராகத்தான் வரும், நடுவில் யாருக்கும் வேலையில்லை.

நெட் மீட்டர் என்பது இரண்டு பக்கமும் கணக்கு வைக்கும் மீட்டர். பகலில் மிஞ்சும் மின்சாரம் ஈபி லைனுக்குப் போகும், ராத்திரியில் அங்கிருந்து எடுப்பீர்கள், பில்லில் இரண்டையும் கழித்துக்கொள்வார்கள். மிச்ச யூனிட் அடுத்த பில்லுக்குப் போகும். இந்த மீட்டர் இல்லாமல் கள்ளத்தனமாக ஒரு சின்ன கிரிட் இன்வெர்ட்டரை, அதாவது பேனல் மின்சாரத்தை ஈபி லைனோடு சேர்க்கும் கருவியை, பிளக்கில் சொருகுகிறவர்கள் இருக்கிறார்கள். சாதாரண டிஜிட்டல் மீட்டரில் பல, வெளியே போகும் யூனிட்டையும் நீங்கள் செலவழித்ததாகவே ஏற்றிவிடும். கொடுத்த கரன்ட்டுக்கு நீங்களே பில் கட்ட வேண்டி வரும். அதைவிட முக்கியம், லைனை ஆஃப் செய்துவிட்டுக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஈபி ஊழியரின் கைக்கு உங்கள் வீட்டுக் கரன்ட் போய்விடக் கூடாது.

அதே காரணத்தால்தான், சான்று பெற்ற கிரிட் இன்வெர்ட்டர் கரன்ட் போன அடுத்த நொடிகளில் தானே நின்றுவிடும். உச்சி வெயில் அடிக்கும், கூரையில் 3 கிலோவாட் பேனல் இருக்கும், வீட்டில் ஃபேன் ஓடாது. இதை வென்டர்கள் முன்கூட்டிச் சொல்வதில்லை, பணம் கட்டிய பிறகு முதல் மின்தடையில் தெரியவந்து மனம் நொந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். மின்தடையிலும் வேண்டும் என்றால், ஈபி லைனோடும் பேட்டரியோடும் வேலை செய்யும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். பேட்டரிக்கு மானியம் இல்லை.

எத்தனை கிலோவாட் வைப்பது? மாதம் 150 யூனிட் வரை செலவழிக்கும் வீட்டுக்கு 1 முதல் 2 கிலோவாட், 150 முதல் 300 யூனிட்டுக்கு 2 முதல் 3 கிலோவாட் என்று திட்டமே சொல்கிறது. தமிழ்நாட்டில் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் பில்லில் உள்ள யூனிட்டைப் பாதியாக்கிப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் முடிக்கும் வீடு என்றால், 100 யூனிட் இலவசம் போகக் கட்டுகிற தொகையே சொற்பம். அவர்களை நான் சோலார் வைக்கச் சொல்ல மாட்டேன், போட்ட காசு திரும்ப வெகுகாலம் ஆகும். 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்குத்தான் இது பெரிய நிம்மதி. அந்தக் கோட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறிவிடுகிறது, சோலார் வைத்தால் அதற்குக் கீழேயே நின்றுவிடலாம்.

கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். தெற்குப் பார்த்துக் கொஞ்சமாகச் சாய்த்து வைப்பார்கள். தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டுத் தென்னை, டிஷ் ஆன்டெனா எல்லாவற்றின் நிழலும் காலை ஒன்பதிலிருந்து மாலை மூன்று வரை எங்கே விழுகிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். கடலோர ஊர் என்றால் தாங்கி இரும்பு நன்றாகத் துத்தநாகம் பூசியதாக இருக்க வேண்டும், உப்புக்காற்று பெயின்ட்டைச் சீக்கிரமே தின்றுவிடும். 3 கிலோவாட்டுக்கு ஆறு பெரிய பேனலைத் தொடராக இணைத்தால் 250 வோல்ட்டுக்கு மேல் டிசி, அதாவது ஒரே திசையில் பாயும் மின்சாரம், ஓடும். டிசியில் பொறி கிளம்பினால் லேசில் அணையாது, அதனால் எர்த்திங், டிசி பெட்டி, கனெக்டர் இவற்றில் மலிவைத் தேட வேண்டாம். மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு பேனலின் பின்பக்க சீரியல் எண்ணையும் போட்டோ எடுத்து, பில்லில் உள்ள எண்ணோடு ஒத்துப் பாருங்கள். மாட்டிய பிறகு பின்பக்கம் பார்க்க முடியாது.

கையால் செய்து பார்க்கும் ஆசை இருக்கிறவர்கள் அதை விட வேண்டாம். 12 வோல்ட் சின்னப் பேனல், பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஆகாமல் தடுக்கும் சார்ஜ் கன்ட்ரோலர், பேட்டரி, வழியில் ஒரு ஃபியூஸ், ஒரு எல்இடி விளக்கு. பேனலைத் தரையிலோ தனி ஸ்டாண்டிலோ வையுங்கள், பிளைவுட்டுக்குப் பதில் கண்ணாடியும் அலுமினியச் சட்டமும் போடுங்கள், ஈபி வயரிங்கில் எங்கேயும் இணைக்காதீர்கள். எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகை விளக்கு இன்றும் அப்படித்தான் எரிகிறது. வீட்டுக்கு மட்டும் வென்டர் வைத்த பேனல்.