கண் முந்திக்கொள்ளாதிருக்க ஒரு பட்டை

முதல் நாள் முதல் காட்சி பார்த்துவிட்டு வந்த ஒருவர், “படம் பார்க்காதவர்கள் அடுத்த வரியைப் படிக்க வேண்டாம்” என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே கொலையாளி யார் என்பதையும் எழுதினால், அந்த எச்சரிக்கையால் ஒரு பயனும் இல்லை. பழகிய மொழியில் ஒரு சொல் கண்ணில் பட்டால், அதைப் படிப்பதா வேண்டாமா என்று நாம் தீர்மானிப்பதற்குள் மூளை அதைப் படித்து முடித்துவிடுகிறது. அமெரிக்க உளவியலாளர் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ‘சிவப்பு’ என்ற சொல்லை நீல மையில் அச்சிட்டு, மையின் நிறத்தை மட்டும் சொல்லுமாறு கேட்டால், வெறும் நீலக் கட்டத்தைப் பார்த்துச் சொல்வதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. தேவையற்ற அந்தச் சொல் குறுக்கே வந்து நிற்கிறது. ஆகவே ஸ்பாய்லரை, அதாவது கதையின் திருப்பத்தை முன்கூட்டியே போட்டு உடைக்கும் வரியை, மறைக்கும் உத்திகள் அனைத்தும், கண்ணுக்கும் சொல்லுக்கும் நடுவே வாசகர் மனமறிந்து செய்ய வேண்டிய ஒரு செயலைப் புகுத்துகின்றன.

1980களில் யூஸ்நெட் என்ற இணையக் கலந்துரையாடல் வலையமைப்பில் பரவிய ராட்13 முறை இதற்கு நல்ல சான்று. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றையும் அகரவரிசையில் 13 இடம் தள்ளி எழுதினால், ‘ஏ’ இருந்த இடத்தில் ‘என்’ வரும்; மொத்த எழுத்துகள் 26 என்பதால் மறுபடியும் 13 இடம் தள்ளினால் பழைய வாக்கியமே திரும்பக் கிடைக்கும். எல்லோருக்கும் தெரிந்த சாவியைக் கொண்ட பூட்டு எந்த இரகசியத்தையும் காக்காது என்றாலும், தற்செயலாகக் கண் படுவதை அது தடுத்துவிடுகிறது. தமிழுக்கு இது அப்படியே பொருந்துவதில்லை. கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் ஒருங்குறி (யூனிகோட்) அட்டவணையில் தமிழ் எழுத்துகளுக்கிடையே காலியிடங்கள் விடப்பட்டிருப்பதால், ‘க’ என்ற எழுத்தை 13 இடம் தள்ளினால் எழுத்தே இல்லாத ஒரு வெற்றிடத்தில் போய் நிற்கும்.

எழுத்தை மாற்றாமல், இடையில் வெற்று வரிகளை நிரப்பிச் செய்தியைத் திரைக்குக் கீழே தள்ளும் வழக்கமும் அப்போது இருந்தது. 24 வரிகள் மட்டுமே காட்டிய பழைய கணினி முனையத் திரைகளில் அது பலித்தது. விரலால் ஒரே தள்ளில் பல பக்கம் ஓடும் கைப்பேசியில் பலிக்காது.

இன்று ரெட்டிட், டிஸ்கார்டு போன்ற இணைய உரையாடல் தளங்களில் குறிப்பிட்ட குறியீடுகளுக்கு இடையே எழுதினால், அந்தப் பகுதி ஒரு பட்டைக்குள் மறைந்து, தொட்டால் மட்டுமே தெரிகிறது. இதிலும் சொல் எங்கும் ஒளிந்திருப்பதில்லை. முழு வாக்கியமும் ஏற்கெனவே நம் கருவிக்கு வந்து சேர்ந்திருக்கும்; அதன்மேல் ஒரு திரை விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். பழைய இணையப் பக்கங்களில் பின்னணியின் நிறத்திலேயே எழுத்தை அமைத்தபோது, பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள் நிறத்தைப் பொருட்படுத்தாமல் கிளைமாக்ஸைச் சத்தமாகப் படித்துக் காட்டியது இதனால்தான். புதுச் செய்தி வந்ததும் கைப்பேசித் திரையில் அதன் வரிகளைக் காட்டும் அறிவிப்புகள் இன்னொரு ஓட்டை என்பதால், 2021 டிசம்பரில் இந்த வசதியைச் சேர்த்த டெலிகிராம் என்ற செய்திச் செயலி அங்கும் சொற்களை மறைத்தது.

எந்த மென்பொருளாலும் அடைக்க முடியாத கசிவும் உண்டு. “கடைசியில் நாயகன்” என்று வெளிப்படையாக எழுதிவிட்டு அடுத்த ஒற்றைச் சொல்லை மட்டும் மறைத்தால், பட்டையின் நீளமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். படத்தின் பெயரையும் சேர்த்து மறைப்பது இதற்கு நேரெதிரான பிழை. எந்தப் படம், இடைவேளைக்கு முன்பா பின்பா என்பது பட்டைக்கு வெளியே இல்லாவிட்டால், தொடலாமா கூடாதா என்பதை வாசகர் தொட்ட பிறகுதான் அறிய முடியும்.