கட் அவுட்: ஒரு டப்பா, இரண்டு வேலை

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடையில் பழைய அம்பாசிடரை நிறுத்தி "சார்ஜ் ஏறல" என்றால், "கட் அவுட் போயிருச்சுங்க, மாத்திரலாம்" என்பார்கள். ரோட்டோரத் தலைவர் கட் அவுட்டுக்கும் இதற்கும் பேர்தான் ஒன்று. அங்கே உருவத்தை வெட்டி எடுக்கிறார்கள், இங்கே கரண்டை வெட்டிவிடுகிறார்கள்.

டைனமோ (என்ஜின் சுழற்றும்போது கரண்ட் தந்து பேட்டரியை ஏற்றும் மெஷின்) உள்ள வண்டியில், லூக்காஸ் கம்பெனியின் ஆர்பி 106 டப்பாவின் மூடியைக் கழற்றினால் உள்ளே இரண்டு காயில் தெரியும். கடையில் முழு டப்பாவையும் கட் அவுட் என்றுதான் சொல்வார்கள். உண்மையில் அதில் ஒன்றுதான் கட் அவுட். டைனமோ 13 வோல்ட்டை ஒட்டி வந்ததும் பாயிண்ட் (சேர்ந்து பிரியும் உலோக முனை) சேர்ந்து பேட்டரியை இணைக்கும். என்ஜின் வேகம் இறங்கி பேட்டரி கரண்ட் டைனமோவுக்குத் திரும்பப் பார்த்தால் பிரித்துவிடும். தமிழில் எதிரோட்டத் துண்டிப்பான் என்றால் வேலை சொல்லிலேயே வந்துவிடுகிறது. கிருஷ்ணகிரி டோல்கேட் வரிசையில் ஹெட்லைட்டோடு ஐடிலில் நிற்கும்போது டாஷ்போர்டில் சார்ஜ் காட்டும் சிவப்பு விளக்கு மினுக்குவது இதனால்தான். கோளாறு அல்ல.

மற்றது வோல்டேஜ் ரெகுலேட்டர். வோல்ட் என்பது 1800-ல் மின்கல அடுக்கை அறிவித்த இத்தாலியர் வோல்ட்டாவின் பெயர். ரெகுலேட்டருக்கு வேர் லத்தீன் 'ரெகுலா': நேரான கோல், அதிலிருந்து விதி. செங்கோல், கொடுங்கோல் என்று நாமும் கோலை வைத்துத்தானே ஆட்சியை அளந்தோம்! தமிழில் மின்னழுத்தச் சீராக்கி. நிலைப்படுத்தி என்றும் எழுதுகிறார்கள். அது வீட்டு ஸ்டெபிலைசருக்குப் பொருந்தும், குறைந்த வோல்டேஜை அது ஏற்றிக் கொடுக்கும். இது ஏற்றாது. வோல்டேஜ் எகிறும்போது பாயிண்ட் திறந்து, ஃபீல்டு கரண்டை (டைனமோவுக்குள் காந்தத்தை உண்டாக்கும் கரண்ட்) 60 ஓம் அளவுள்ள ரெசிஸ்டர் வழியே திருப்பி டைனமோவை அடக்கும். நொடிக்குப் பல முறை.

இரண்டுக்கும் ஒரே பேர் வைத்ததில்தான் வம்பு. கட் அவுட் பாயிண்ட் ஒட்டிக்கொண்டால், வண்டியை அணைத்த பிறகும் பேட்டரி கரண்ட் டைனமோவுக்குள் பாயும், வயர் சுடும். உடனே பேட்டரி டெர்மினலைக் கழற்ற வேண்டும். ரெகுலேட்டர் பாயிண்ட் ஒட்டினாலோ, டப்பாவைப் பாடியோடு சேர்க்கும் ஈ முனையின் எர்த் லூசானாலோ பேட்டரி கொதிக்கும், பல்பு வரிசையாகப் பியூஸ் போகும். பாயிண்ட் தேய்ப்பதும் வேறு வேறு: ரெகுலேட்டருக்கு நைசான கார்போரண்டம் கல், கட் அவுட்டுக்கு மெல்லிய கண்ணாடித்தாள் மட்டும். அதில் எமரித் தாள் (கரடான உப்புத்தாள் வகை) படக்கூடாது.

புது டப்பா வாங்குமுன் டைனமோவைச் சோதியுங்கள். டைனமோவிலிருந்து டி (பெரிய முனை, கரண்ட் வெளிவருவது), எஃப் (சின்ன முனை, ஃபீல்டு) வயர்களைக் கழற்றி, இரண்டு முனையையும் சிறு கம்பியால் சேர்த்து, பாடிக்கும் அதற்கும் மீட்டர் வையுங்கள். என்ஜினை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். 15 வோல்ட்டைத் தாண்டினால் டைனமோ நல்லது, டப்பாவைச் சந்தேகப்படலாம். 20-க்கு மேல் விடாதீர்கள்.

கடையில் வெறுமனே "12 வோல்ட் கட் அவுட்" என்று கேட்டால் ஆம்பியர் பொருந்தாத டப்பா வரலாம். டைனமோ நம்பரைச் சொல்லிக் கேளுங்கள்: சி39 என்றால் 19 ஆம்பியர், சி40 என்றால் 22. டைனமோவுக்குப் பதில் வந்த ஆல்டர்னேட்டருக்கு மாறிய வண்டிக்கும் பழக்கத்தில் கட் அவுட் என்றே கேட்கிறார்கள். அங்கே ஒரு பக்கம் மட்டும் கரண்டை விடும் டயோடே எதிரோட்டத்தைத் தடுப்பதால் துண்டிப்பானே கிடையாது, சீராக்கி மட்டும்தான்.

மாட்டும்போது பேட்டரியைக் கழற்றிவிட்டு வயர்களில் பேர் எழுதி ஒட்டுங்கள். டி டைனமோவின் பெரிய முனைக்கு, எஃப் சின்ன முனைக்கு, ஏ பேட்டரிக்கு, ஏ1 லைட்டுக்கு, ஈ பாடிக்கு. பெயின்ட் சுரண்டிய இரும்பில்தான் எர்த் பிடிக்கும். பேட்டரியின் எந்த முனை பாடியில் சேர்கிறது என்பது (பிளஸ், மைனஸ்) மாறியிருந்தால், டைனமோவின் எஃப் முனையில் வயர் இல்லாமல், பாடியில் சேராத பேட்டரி முனையின் லைவ் கம்பியால் அந்த முனையைக் கணநேரம் இரண்டு மூன்று தடவை தொட்டெடுங்கள். டைனமோவில் தங்கியிருக்கும் காந்தம் திசை திரும்பிவிடும்.

ரெகுலேட்டர் எத்தனை வோல்ட்டில் அடக்குகிறது என்ற செட்டிங் பார்க்க ஏ, ஏ1 வயர்களைக் கழற்றித் தனியே சேர்த்துவைத்து, டி முனையில் மீட்டர் வைக்க வேண்டும். லோடு இல்லாததால் 16 வோல்ட் அளவு காட்டும். பயந்து 14-க்கு இறக்கிவிட்டால் பேட்டரி என்றைக்கும் நிறையாது. பார்த்து முடிக்க அரை நிமிடம்தான்; காயில் சூடேறினால் அளவு நகர்ந்துவிடும்.